பாவம் பார்க்காத உதை

இரண்டு வருஷத்துக்கு முன்னால், கொல்லிமலை முழுக்கப் பலாப்பழ வாசம் அடிக்கிற ஆனி மாதத்தில் நடந்தது இது. செம்மேட்டுக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை. மற்ற நாட்களில் மரவள்ளிக்கிழங்கு மூட்டை அடுக்கி வைக்கிற இடம். அன்றைக்கு அதற்குள் என் வீட்டுக்காரரை ஆள் மாற்றி ஆள் அடித்துக்கொண்டிருந்தார்கள். நான் ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

பயந்துவிடாதீர்கள், அது கராத்தேயில் கறுப்பு பெல்ட்டுக்கான தேர்வு.

நாற்பதுக்கு மேல் நாய்க்குணம் வரும் என்பார்கள். என் வீட்டுக்காரருக்குக் கராத்தே வந்தது. நாங்கள் அடிவாரத்தில் வெங்காயமும் மரவள்ளியும் போடுகிற விவசாயிகள். உடம்பில் கொழுப்பு கூடியிருக்கிறது, தினமும் நடங்கள் என்றுதான் டாக்டர் சொன்னார். இவர் நடந்தே போய்க் கராத்தே வகுப்பில் சேர்ந்துவிட்டார். அதுவும் காற்றில் கையை வீசிவிட்டு வருகிற கராத்தே இல்லை. கையில் உறை கிடையாது, உடம்பில் கவசம் கிடையாது, நிஜமாகவே அடிக்கிற கராத்தே. கையால் முகத்தில் குத்தக் கூடாது என்பது ஒன்றுதான் கருணை. நெஞ்சு, வயிறு, தொடையெல்லாம் ஊர்ப் பொது.

வகுப்பு முடிந்து வரும்போது தொடை கத்தரிக்காய் நிறத்தில் கன்றியிருக்கும். எண்ணெய் தடவிவிட்டபடியே நான் திட்டுவேன். மனிதர் சிரித்துக்கொண்டே கிடப்பார். மறுபடி கிளம்பும்போது வாசல்வரை போய், "மெதுவா அடிக்கச் சொல்லுங்க" என்று சொல்லித்தான் அனுப்புவேன்.

இந்தத் தேர்வுக்கு அவர் ஏற்கெனவே ஒரு தடவை போய், பாதியிலேயே விழுந்து எழுந்திருக்க முடியாமல் போனவர். இந்தத் தடவையும் முடியாவிட்டால் பெல்ட் ஆசையையே விட்டுவிடுவதாகச் சொல்லியிருந்தார். "ஒரு தடவ நீயும் வந்து பாரு புள்ள" என்று என்னையும் மலைக்குக் கூட்டிப்போனார்.

தேர்வு இதுதான். பத்துப் பேர் ஒருத்தர் பின்னால் ஒருத்தராக, களைப்பில்லாத புது ஆட்களாக வருவார்கள். இவர் ஒருத்தரே அத்தனை பேரிடமும் மோத வேண்டும். ஜெயிக்கத் தேவையில்லை. விழுந்தாலும் எழுந்துவிட வேண்டும். கையைக் கீழே போட்டுவிட்டால் தோற்றதாக அர்த்தம். அந்த வகுப்பில் இன்னொரு வழக்கமும் உண்டு. தேர்வில் நிற்பவருக்கு யார் ரொம்ப வேண்டியவரோ, அவரைத்தான் கடைசி ஆளாக இறக்குவார்கள்.

இவருக்கு வேண்டியவர் மலைமேல் குண்டனி நாடு என்கிற பகுதியில் மிளகும் சாமையும் போடுகிற ஒரு விவசாயி. வகுப்புக்காக மலையிறங்கி வந்து பழக்கமானவர். என்னை வாய் நிறைய அக்கா என்பார். தேர்வுக்கு முதல் நாள் அவர் வீட்டில்தான் தங்கினோம். சாமைச் சோறு போட்டு, தன் கையாலேயே பலாச்சுளை எடுத்துக் கொடுத்தார். மூங்கில் ஏணியில் நின்று நின்று மிளகு பறித்த கால் அவருக்கு. நாளைக்கு அந்தக் கால்தான் என் வீட்டுக்காரர் மேல் விழப்போகிறது என்று நினைத்ததும் சுளையைத் தட்டிலேயே வைத்துவிட்டேன்.

தேர்வு நடத்திய மாஸ்டர் இவரைவிட ரொம்பச் சின்னப் பெண். வெளியே பார்த்தால் இவரை அண்ணா என்று கூப்பிடுகிறவர். கொட்டகைக்குள் வந்துவிட்டால் அவருக்கு அண்ணனும் கிடையாது, தம்பியும் கிடையாது.

அடி விழ ஆரம்பித்தது. லாரியிலிருந்து மூட்டையைக் கீழே தள்ளுகிற மாதிரி சத்தம். ஆனால் ஒன்றைப் பார்த்து ஆடிப்போனேன். அத்தனை அடியிலும் ஒரு முகத்தில்கூடக் கோபம் இல்லை. மாஸ்டர் நிறுத்து என்றதும் அடித்தவரும் அடிவாங்கியவரும் குனிந்து ஒருத்தருக்கொருத்தர் வணக்கம் சொன்னார்கள். எங்கள் ஊரில் வரப்புத் தகராறில் ஒரு வார்த்தை தடித்துவிட்டால் பிள்ளை கல்யாணத்துக்குக்கூடப் போக மாட்டார்கள்.

போன தடவை விழுந்த இடத்தைத் தாண்டிவிட்டார். இடது தொடை வீங்கி, கால் இழுக்க ஆரம்பித்தது. உதடு வெளுத்து, மூச்சு வாங்கியது. கடைசியாக மலைக்காரர் வந்து எதிரே நின்றார். நான் சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டேன். மலைக்காரர் ஒரு நொடி என் பக்கம் பார்த்தார்.

ஆட்டம் தொடங்கியது. அவர் கால் வேகமாகத்தான் வந்தது. ஆனால் அந்த மூட்டைச் சத்தம் கேட்கவில்லை. தொட்டுத் தொட்டுப் போனது. வீங்கிய காலை விட்டுவிட்டு மற்றதிலேயே உதைத்தார். முருகா, இந்த மகராசன் நன்றாக இருக்கட்டும் என்று மனசுக்குள் கும்பிட்டேன்.

என் வீட்டுக்காரர் சட்டென்று இரண்டு கையையும் கீழே போட்டுவிட்டார்.

போச்சு, எல்லாம் போச்சு என்று நான் எழுந்தேவிட்டேன். மாஸ்டர் குறுக்கே கையை நீட்டி, "விட்டுடறீங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க மாஸ்டர். இவரு அடிக்க மாட்டேங்கறாருங்க."

மலைக்காரர் தலை குனிந்துகொண்டார். "அக்கா பாத்துட்டிருக்காங்கண்ணா" என்றார்.

"அவ பாக்கோணும்னுதானுங்க கூட்டியாந்தேன். அடிங்க சாமி" என்றார் இவர்.

மாஸ்டர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். கை போட்டதைத் தோல்வியாக எடுக்கவில்லை. ஆனால் சலுகையும் தரவில்லை. அந்த ஆட்டத்தை முதலிலிருந்து தொடங்கச் சொன்னார்.

இந்தத் தடவை சத்தம் வந்தது. வீங்கிய தொடையிலேயே விழுந்தது. இவர் மரம் சாய்வது போலச் சாய்ந்தார். எழுந்திருக்கச் சொல்லி நான் கத்தினேனா, வேண்டாம் என்று கத்தினேனா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. தரையில் கையை ஊன்றி, முட்டியை ஊன்றி, ஒற்றைக் காலில் எழுந்தார். மறுபடி வாங்கினார். திருப்பியும் கொடுத்தார். மாஸ்டர் நிறுத்தச் சொன்னபோது நின்றுகொண்டுதான் இருந்தார். இருபது வருஷமாக ஒரே வீட்டில் நான் சோறு போட்டு வந்த ஆள்தானா இவர் என்று எனக்கு மெய் சிலிர்த்துவிட்டது.

மலைக்காரர் ஓடிவந்து அவரைக் கட்டிக்கொண்டு அழுதார். உதைத்தவர் அழுகிறார், உதை வாங்கியவர் முதுகைத் தட்டிக்கொடுக்கிறார். நானும் சேர்ந்து அழுதேன்.

பஸ்ஸில் மலை இறங்கும்போது கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் இவர் "அம்மா" என்றார். கொல்லிமலையில் வளைவுக்குப் பஞ்சமா? என் சிரிப்பு அடங்கியதும் கேட்டேன், "அவருதான் பாவம் பாத்தாருல்ல, அப்படியே முடிச்சிருக்கலாம்லங்க?"

"பாவம் பாத்தா, நான் முடியாதவன்னு அவரு முடிவு பண்ணிட்டாருன்னு அர்த்தம் புள்ள. முடியுமா முடியாதான்னு நான்தான் பாக்கோணும்."

இப்போதும் வாரா வாரம் கறுப்பு பெல்ட்டை எடுத்துக்கொண்டு வகுப்புக்குக் கிளம்புகிறார். வாசல்வரை போகிறேன், மெதுவா அடிக்கச் சொல்லுங்க என்பது நாக்கு நுனிவரை வருகிறது. அதை விழுங்கிவிட்டு எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து வைக்கிறேன். ஒருவருக்காக இரக்கப்படுவதற்கும் அவரை நம்புவதற்கும் எவ்வளவு தூரம் என்பதை அந்த ஓர் உதையில்தான் நான் கற்றுக்கொண்டேன்.