இறால் ஏஜெண்டின் பேரன் கேட்ட ஒரு நிமிஷம்

என் பேத்தி பங்குச் சந்தையில் வாங்கி விற்பவர்களுக்காகக் கம்ப்யூட்டரில் ஒரு மென்பொருள் செய்திருக்கிறாள். விலை எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தெரியும். காசு கிடையாது. அதன் உள்ளே எழுதியிருப்பதை யார் வேண்டுமானாலும் எடுத்து மாற்றிக்கொள்ளலாம்.

இன்று காலை அதற்காக ஒருவன் வீட்டுக்கு வந்தான். மூக்கைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, எங்கள் பழைய இறால் ஏஜெண்டின் பேரன்.

எண்பதுகளில் அந்த ஏஜெண்ட் மெட்ராஸ் விலையைத் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து, மற்ற வியாபாரிகளுக்கு மட்டும் சொல்வான். இறால் விற்கக் கூடையோடு நின்ற எங்களிடம், "வெல விழுந்துட்ச்சிம்மா" என்பான்.

பேரன் என் பேத்தியிடம் கேட்டான்: "நான் முதல்ல விலையைப் பார்த்து வாங்கிக்கணும். என் கஸ்டமருங்களுக்கு ஒரு நிமிஷம் கழிச்சுத் தெரிஞ்சா போதும். அப்டி மாத்தித் தர முடியுமாம்மா?"

"முடியாதுண்ணா."

"சரி, நானே எடுத்து மாத்திக்கிறேன். ஓப்பன்தானே?"

"ஓப்பன்தான்" என்றவள், அவனுக்கு டீ வேறு கொடுத்தாள்.

அவன் போனதும் கத்தினேன். "இன்னாடி இது? அவன் ஊரை ஏமாத்துவான், நீ பார்த்துனு இருப்பியா?"

"அவனுக்கு மட்டும் பூட்டு போட்டா, அப்புறம் அது எல்லாருக்கும் பொது இல்ல ஆயா." சொன்னாளே தவிர, அவள் முகமும் சரியாக இல்லை.

அவனை நம்பிப் பணம் போடப்போகிறவர்களை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர்களிடம் யார் போய்ச் சொல்வது?

அவன் பெயரை இங்கே எழுதக் கூடாது என்று பேத்தி சத்தியம் வாங்கிவிட்டாள். எழுதவில்லை. எங்கள் கோட்டைக்குப்பத்தில் அந்தக் காலத்தில் இறால் விற்ற எந்தப் பெண்ணைக் கேட்டாலும், அந்த ஏஜெண்ட் யார், பேரன் யார் என்று சொல்வாள். கேளுங்கள்.