லாக்கில் போட்ட முடிச்சு

தாம்பரத்தில் என் மகள் குடியிருக்கும் அடுக்குமாடியில் அம்மாவுடன் லிஃப்டில் இறங்கினேன். கேளம்பாக்கத்துக் கால்வாயில் ஒருநாள் அம்மா இப்படித்தான் கீழே இறங்கினாள்.

எண்பதுகளின் தொடக்கம். எனக்கு ஒன்பது வயது. அப்பா சவுக்குக் கட்டை ஏற்றும் படகு ஓட்டினார். அன்று கட்டைகளின் மேல் அம்மாவும் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு நீச்சல் தெரியாது. படகு லாக்குக்குள், நீர்மட்டத்தை ஏற்றி இறக்கும் கதவுத் தடுப்புக்குள், வந்ததும் பின்கதவை மூடினார்கள். முன்பக்கமாகத் தண்ணீரை வெளியே விட்டால், படகு இரண்டு சுவர்களுக்கு நடுவே கீழே இறங்கும்.

என்னைக் கரையில் நிறுத்தி, படகிலிருந்து வந்து கரைக்கல்லில் சுற்றிய கயிற்றின் நுனியைக் கையில் கொடுத்தார் அப்பா. "தண்ணி எறங்க எறங்க வுட்டுகினே இரு. கட்டிடாத."

தண்ணீர் இரைந்தது. அம்மாவின் தலை சுவருக்குக் கீழே போய்க்கொண்டே இருந்தது. அவள் திரும்பி வரமாட்டாள் என்று பயந்து, கயிற்றைக் கல்லோடு கட்டிவிட்டேன். கயிறு விறைத்தது. படகு ஒருபக்கம் தூக்கியது. கட்டைகள் உருள, அம்மாவும் சறுக்கினாள். லாக்குக்காரர் ஓடிவந்து கயிற்றை அறுத்தார்.

"இன்னாய்யா, பொண்டாட்டிய கொடியில காயப்போட வந்தியா?" என்று அப்பாவைத் திட்டினார்.

"கயிறு சிக்கிகிச்சி போலண்ணா," என்றார் அப்பா.

நான் வாய் திறக்கவில்லை. அப்பா சாகும்வரை திறக்கவில்லை.

லிஃப்ட் நிற்பதற்குள் சொல்லிவிட்டேன். "அன்னிக்குக் கயிறு சிக்கலம்மா. நான்தான் கட்டினேன்."

அம்மா என்னைப் பார்த்தாள்.

"அறுத்தப்புறம் கல்லுல கெடந்த முடிச்ச அவுத்ததே உங்கப்பாதான்டா."