அக்கா கண்ட வித்தியாசம்

எக்ஸ்ரே ஃபிலிம் ஒன்றை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தபடி அக்கா என்னைக் கூப்பிட்டார். "கண்ணு, இங்க வா. இது ரெண்டும் ஒண்ணாட்டவா இருக்குது?" ஒரு பட்டை மையாகக் கறுத்திருந்தது. பக்கத்துப் பட்டை உற்றுப் பார்த்தால்தான் தெரிந்தது.

தொண்ணூறுகளின் நடுவில், கோவையில் ஒரு கல்லூரி ஆய்வகம். அக்கா தாராபுரத்துக்காரர், முனைவர் பட்டத்துக்கு உழைத்துக்கொண்டிருந்தார். நான் அவருக்குப் பின்னால் சேர்ந்தவள். இரண்டு நோயாளிகளின் கட்டிகளிலிருந்து வளர்த்தெடுத்த செல்களை அவர் பேணிவந்தார். நரம்பு, தசை என்று பலவிதமாக மாறும் திறனுள்ள செல்கள். யாரிடமிருந்து வந்தாலும் அவை ஒரே மாதிரிதான் என்பது எங்கள் பேராசிரியரின் தீர்ப்பு. மரபணு எவ்வளவு வேலை செய்கிறதோ அவ்வளவுக்கு ஃபிலிமில் பட்டை கறுக்கும். அந்த ஃபிலிமோ, ஒரே மரபணு ஒருவரின் செல்களில் மும்முரமாக வேலை செய்வதையும், மற்றவருடையதில் ஏறக்குறைய அடங்கிக் கிடப்பதையும் காட்டியது.

அதை எடுத்துக்கொண்டு பேராசிரியர் அறைக்குப் போனோம். அவர் கையில் வாங்கக்கூட இல்லை. "உனக்கு வேலை சுத்தமில்லம்மா. ஊட்டுல மாப்பிள்ளை பாக்கறாங்களாமா? கவனமெல்லாம் அங்க இருக்கும்" என்றார்.

அந்தப் பேச்சை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. அக்கா அழவில்லை. செல்களைப் புதிதாக வளர்த்தார். எது யாருடையது என்று தனக்கே தெரியக்கூடாதென்று, குப்பிகளுக்கு என்னைக் குறியிடச் சொன்னார். கடைசியில் பட்டைகளை வைத்தே சரியாகப் பிரித்துக் காட்டினார். மறுபடி செய்தார், மறுபடியும் அதேதான். பேராசிரியர் எட்டிப் பார்க்கவில்லை. "அந்த ரெண்டாவது செல்லை உட்டுப்போட்டு எழுது. இல்லீனா தீசிஸ்ல கையெழுத்துப் போடமாட்டேன்" என்றார்.

"பாத்ததை எப்படிங்க சார் பாக்கலைன்னு எழுதறது?" என்று கேட்டுவிட்டு அக்கா வெளியே வந்தார். பட்டம் போயிற்று. பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்துகொண்டார்.

இன்று நான் வகுப்பெடுக்கிறேன். இவ்வகைச் செல்களின் மரபணுச் செயல்பாடு ஆளுக்கு ஆள் மாறும் என்று போகிற போக்கில் சொல்கிறேன். பிள்ளைகள் கொட்டாவியோடு எழுதிக்கொள்கிறார்கள். இதைச் சொன்னதற்குத்தான் ஒருத்தியைத் துரத்தினார்கள்.

சென்ற ஆண்டு பேராசிரியருக்குப் பாராட்டு விழா. மைக்கைப் பிடித்து, "இந்த வித்தியாசத்தை எங்க ஆய்வகத்துல அன்னைக்கே நாங்க கண்டுபிடிச்சுப்போட்டோம்" என்றார். கைதட்டல். என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

"நாங்க இல்லீங்க சார்" என்று எழுந்து நின்றேன். அக்காவின் பெயரை உரக்கச் சொன்னேன். "கண்டது அவங்க. நீங்க திரும்பிக்கூடப் பாக்கலீங்க."

அவர் நெற்றியைச் சுருக்கி, பக்கத்தில் இருந்தவரிடம் விசாரித்தது மைக்கில் எல்லோருக்கும் கேட்டது.

"யாருங்க அந்தப் புள்ள?"

அவர் நடிக்கவில்லை. அக்காவை உண்மையாகவே மறந்துவிட்டிருந்தார்.