இரண்டு அளவுச் சட்டைகள்

சாட்சிக்கு ஆள் கூட்டி வரச் சொன்னபோது இன்ஸ்பெக்டர் ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னார். “அக்கம்பக்கத்துப் பொம்பளையா பார்த்துக் கூட்டிட்டு வாம்மா. வாயாடி வேண்டாம், தலைவலி.”

புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண் போலீஸ் படியிறங்கித் தெருவைப் பார்த்தாள். எதிரே இஸ்திரிக் கடை. இருபத்திரண்டு வருஷமாக அதே மேசைக்குப் பின்னால் நிற்பவளைத் தெருவே இஸ்திரியக்கா என்றுதான் கூப்பிடும். வந்தவர் முகத்தை அவள் நிமிர்ந்து பார்க்கமாட்டாள். துணியைத் தொட்டதும் யார் வீட்டுடையது என்று தெரிந்துவிடும். “நாளைக்கு” என்பாள், “சாயங்காலம்” என்பாள். அதற்கு மேல் அவள் பேசிக் கேட்டவர் கிடையாது. இதைவிட வாயில்லாப் பூச்சி கிடைக்காது என்று பெண் போலீஸ் அவளையே அழைத்துக்கொண்டு மேலேறினாள்.

மூன்றாவது மாடியில் ஒரே அறை. ஒரு கட்டில், ஓர் அலமாரி, சுவர் முழுக்கக் குழந்தை கிறுக்கிய கிரையான் கோடுகள். வீட்டுக்காரி ஜன்னலோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். காசு வாங்கிக்கொண்டு ஆண்களை வரவிடுகிறாள் என்று புகார். அதை அவள் மறுக்கவில்லை.

“நான் ஒருத்திதான் சார். யாரையும் வச்சு நடத்தல.”

விஷயமே அங்கேதான் இருந்தது. தன் வீட்டில் தனியாக ஒருத்தி இந்தத் தொழில் செய்தால் அந்த ஊர்ச் சட்டம் அவளைத் தொடாது. அதே கதவுக்குள் இன்னொருத்தியும் இருந்தால் அது விபசார விடுதி. நடத்தியவளுக்குச் சிறை, கதவுக்குச் சீல். நாலு மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டு வரும் ஆறு வயது மகளை அரசு இல்லத்துக்குக் கொண்டுபோக வண்டிகூடச் சொல்லியாகிவிட்டது.

இன்ஸ்பெக்டர் அலமாரியைத் திறந்தார். மேல்தட்டில் ஒடிசலான உடம்புக்குத் தைத்த சட்டைகள். கீழ்த்தட்டில் அதைவிட ஒன்றரை மடங்கு பெரியவை. அவர் முகம் மலர்ந்தது.

“ரெண்டு சைஸ், ரெண்டு பொம்பளை. எங்கே இன்னொருத்தி?”

“எல்லாமே என்னோடதுதான் சார்.”

“அப்படியா? காலையில ஒல்லி, சாயங்காலம் குண்டா? எழுதிக்கோம்மா, இரண்டு பெண்களின் உடைகள்.”

பெண் போலீஸ் எழுதிமுடித்துத் தாளை நீட்டினாள். “கீழே ஒரு கையெழுத்துக்கா.”

இஸ்திரியக்கா ஐந்தாம் வகுப்போடு நின்றவள். விரலை ஓட்டி ஒவ்வொரு வரியாகப் படித்தாள். இன்ஸ்பெக்டர் இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தார். கடைசி வரிக்கு வந்தும் அவள் பேனாவை வாங்கவில்லை.

“இது ரெண்டு பேர் துணி இல்ல சார்.” காதைத் தீட்டினால்தான் கேட்கும் குரல்.

“நீ என்ன, டெய்லரா?”

“தேய்க்கிறவ சார்.”

அவள் மேல்தட்டிலிருந்து மூன்று சட்டை, கீழ்த்தட்டிலிருந்து மூன்று சட்டை எடுத்துக் கட்டிலில் பரப்பினாள். துணியில் கை பட்டதும் அவள் குரலே மாறிப்போனது.

“இடது தோளைப் பாருங்க. ஆறுலயும் அங்கே மட்டும் நூல் நைஞ்சிருக்கு. எப்பவும் ஒரே தோள்ல பை மாட்டுறவ. வலது கையை மட்டும் ரெண்டு மடிப்பு மடிச்சு விடுவா, இடது கையை மடிக்கமாட்டா. இந்தக் கோட்டைப் போக்க எட்டு வருஷமா மல்லுக்கட்டுறேன், போகல. சின்னதெல்லாம் குழந்தைக்கு முன்னாடி. பெருசெல்லாம் பின்னாடி. என்னைக்காவது இளைச்சிடுவோம்னு நம்பி எடுத்து வச்சிருக்கா.”

பெண் போலீஸ் குனிந்து பார்த்தாள். ஆறு தோளிலும் உள்ளங்கை அகலத்துக்கு அதே நைவு. ஆறு வலது கையிலும் அதே இரட்டைக் கோடு. இதுவரை கண்ணில் படாதது இப்போது பளிச்சென்று தெரிந்தது. யாரோ ஒருத்தி அங்கே படுத்திருப்பது போலவே இருந்தது.

“தேய்ஞ்ச துணி எல்லார் வீட்டுலயும்தான் இருக்கு,” என்றார் இன்ஸ்பெக்டர். “பெரிய ஜோசியக்காரி. இந்தப் பொண்ணோட யூனிபார்மைப் பார்த்துச் சொல்லு பார்ப்போம்.”

இஸ்திரியக்கா கூச்சத்தோடு பெண் போலீசின் சட்டைக் கையைத் தொட்டாள். தலை நிமிரவில்லை.

“இது முதல்ல வேற ஒருத்தர் போட்டது. அவங்க இடது கையால எழுதுறவங்க. இடது மணிக்கட்டுப் பக்கம்தான் மேசையில உரசிப் பளபளத்துப் போயிருக்கு. இவங்க இப்ப வலது கையால எழுதினாங்களே.”

பெண் போலீஸ் தன் சட்டைக் கையைத் திருப்பிப் பார்த்தாள். அவளுடைய சொந்த அக்காவின் சட்டை அது. அக்காவும் போலீஸ்தான், இடது கைக்காரிதான். வேலையை விட்டபோது மடித்துக் கொடுத்தாள். ஸ்டேஷனில் ஒருவருக்கும் தெரியாது. தெருவுக்குத் தெரியாமல் மேசைக்குப் பின்னால் நின்றுகொண்டு இவள் இத்தனை வருஷமாக எத்தனை பேரைப் படித்திருப்பாள்? வாயில்லாப் பூச்சி என்று நினைத்ததற்கு அவளுக்கு வெட்கமாக இருந்தது.

“சரிதான் சார்,” என்றாள். “எங்க அக்கா சட்டை.”

இன்ஸ்பெக்டர் தாடையைச் சொறிந்தார். சாட்சி கையெழுத்தில்லாத பட்டியல் வெறும் காகிதம்.

“வேற சாட்சியைப் பிடிச்சாலும், வக்கீல் இவளைக் கோர்ட்டுல ஏத்தினா நம்ம எல்லாரையும் உரிச்சுப் போட்டுடுவா போல இருக்கே. வேற தாள் எடும்மா. ஒரே பெண்ணின் உடைகள், இரண்டு அளவுகளில்னு எழுது.”

இந்த முறையும் விரலை ஓட்டிப் படித்துவிட்டுத்தான் இஸ்திரியக்கா கையெழுத்துப் போட்டாள். இன்ஸ்பெக்டர் போனை எடுத்து, இல்லத்து வண்டி வேண்டாம் என்று சொன்னார். சீல் வைக்கக் கொண்டுவந்த அரக்கு பைக்குள்ளேயே திரும்பியது.

அதுவரை அசையாமல் நின்ற வீட்டுக்காரி கட்டிலில் தொப்பென்று உட்கார்ந்தாள். அழுவாள் என்றுதான் பெண் போலீஸ் எதிர்பார்த்தாள்.

“ஏன்க்கா, நான் பெருத்துட்டேன்னு ஊரறியச் சொல்லிட்டியே.”

“பொய்யா சொன்னேன்?”

இருவரும் சிரித்தார்கள்.

போலீசார் இறங்கும்போது படியில் ஒரு சிறுமி பையோடு ஏறி வந்தாள். யூனிபார்மைக் கண்டு சுவரோடு ஒட்டினாள். இன்ஸ்பெக்டர் ஒதுங்கி வழி விட்டார். அவள் இரண்டிரண்டு படியாகத் தாவி ஓடினாள். மேலே கதவு திறந்துதான் இருந்தது. உள்ளேயிருந்து இஸ்திரியக்காவின் குரல், இப்போது நன்றாகவே கேட்டது:

“ஷூவைக் கழட்டிட்டுக் கட்டில்ல ஏறுடி. தேய்ச்ச துணி கிடக்கு!”