ஹீத்ரோ மொட்டைமாடியில் ஒரு அக்கா

எண்பதுகளின் நடுவில், நான்கு வருடப் பிரிவுக்குப் பின் என் மனைவி லண்டன் வந்த காலையில்தான் அந்த அக்காவைச் சந்தித்தேன். ஹீத்ரோவில் விமானங்களைப் பார்ப்பதற்கென்றே அப்போது ஒரு மொட்டைமாடி இருந்தது. சேலைக்கு மேல் ஆண்கள் போடும் கனத்த கோட்டோடு, விமானிகளின் பேச்சைப் பிடித்துத் தரும் செங்கல் அளவு ஸ்கேனர் வானொலியை மடியில் வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார். அதில் சிவப்பு எண்கள் ஓடிக்கொண்டே இருக்கும். விமானி ஒருவரின் குரல் அகப்பட்டால் நின்றுவிடும். அந்தக் குரல் “குட் மார்னிங்” என்றால் அக்காவும் “குட் மார்னிங்” என்பார்.

“அவைக்குக் கேக்குமோ, அக்கா?” என்றேன்.

“கேக்காது தம்பி. இதில கதைக்க ஏலாது. அதுக்காக, வணக்கம் சொன்ன மனிசருக்குப் பதில் சொல்லாமல் இருக்கலாமே?”

“ஆரைக் கூட்டிக்கொண்டு போக வந்தனீங்கள்?”

“ஒருத்தரையும் இல்லை. இண்டைக்கு எனக்கு லீவு, அதுதான் வந்தனான்” என்று சிரித்தார்.

மனைவி வரும் கொழும்பு விமானம் தாமதம் என்றிருந்தார்கள்; அதை அக்காவிடம் சொன்னேன். நான் சோர்ந்துபோய் நின்றபோது அக்கா சட்டென்று கையை உயர்த்தினார். கரகரப்பில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

“உங்கட பிளேன்தான்! இறங்கச் சொல்லிப்போட்டாங்கள். அங்க பாருங்கோ!”

மேகத்துக்குள்ளிருந்து விமானம் வெளிப்பட்டது. இருவரும் குழந்தைகளைப் போலக் கைகாட்டினோம். நன்றிகூடச் சொல்லாமல் நான் கீழே ஓடினேன்.

தள்ளுவண்டியோடு வெளியே வந்த மனைவியிடம், “நீர் இறங்கினதை ஒரு அக்கா ரேடியோவில கேட்டுச் சொன்னவ!” என்றேன் ஆவலோடு.

லண்டன் மண்ணில் அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, “எந்த அக்கா?” என்பதுதான். நான் பெயர்கூடக் கேட்காமல் ஓடிவந்திருந்தேன்; அந்த அக்கா யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது.