முதலில் ஒரு பாராட்டு

மேனேஜர் சிரிக்கப் பழகிய சனிக்கிழமை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மட்டாஞ்சேரியில் எங்கள் மிளகுக் குடோனுக்கு மேலே உள்ள ஆபீஸ் அறையில் மேசைகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு, நாங்கள் ஆறேழு பேர் பள்ளிப் பிள்ளைகளைப் போல உட்கார்ந்திருந்தோம். எர்ணாகுளத்திலிருந்து வரும் பயிற்சியாளர், என் தங்கை வயதுப் பெண். கெட்ட செய்தியை ஊழியரிடம் எப்படிச் சொல்வது என்பது அன்றைய பாடம். நேரில் போய்ச் சொல்ல வேண்டும், முகத்தை இறுக்கமாக வைத்துக்கொள்ளக் கூடாது. முதலில் பாராட்டு, நடுவில் விஷயம், முடிவில் நம்பிக்கை. சாண்ட்விச் மாதிரி என்றாள். மேனேஜர் எழுந்து, என்னை வேலையைவிட்டு அனுப்புவதாக நடித்துக் காட்டினார். 'ஐ ரியலி அப்ரிஷியேட் யுவர் ஹார்ட் வொர்க்' என்று அவர் தொடங்கியபோது எல்லோரும் கை தட்டினார்கள்.

அவருக்கு இந்த வகுப்பு தேவைப்பட்டது என்று முதலாளியின் மகன் முடிவு செய்திருந்தார். காரணம் ஒரு வீடியோ கால். வெளிநாட்டு வியாபாரி மிளகு எப்படி என்று கேட்க, இவர் 'திஸ் இயர் நோ குட், டோன்ட் பை' என்று போட்டு உடைத்துவிட்டார். அதுதான் அவர் சுபாவம். கொச்சியிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். பேச்சில் பாதி மலையாளம், மீதி அதட்டல். ஒருமுறை லோடிங் வேலை செய்த பையனுக்கு ஊரிலிருந்து சாவுச் செய்தி வந்தது. மேனேஜர் மாடிப்படியில் நின்றபடியே, "டேய், அப்பா போயிட்டாருடா. சட்டைய மாத்து, வண்டில ஏறு" என்றார். தன் ஸ்கூட்டரிலேயே அவனை பஸ் ஸ்டாண்டில் கொண்டுபோய் விட்டு, பஸ் கிளம்பும்வரை அவன் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாராம். முரட்டு மனிதர் என்று நாங்களே பேசிக்கொள்வோம். ஆனால் அவர் சொன்னதை இரண்டாம் முறை கேட்க வேண்டி வந்ததே இல்லை. வகுப்பில் அவர் அத்தனை சிரத்தையாகப் படித்தார். வேலை போய்விடுமோ என்ற பயம் அவருக்கு இருந்தது.

மழைக்காலத்தில் ஒரு காலை, குடோனில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்த மூட்டை அட்டி சரிந்தது. அடியில் நின்றிருந்தவர் தென்காசிப் பக்கத்துக்காரர், எங்களிடம் பல வருடமாக மூட்டை தூக்கியவர். இடுப்பு வலி தாங்காமல், சூப்பர்வைசர் வேலைக்கு மாற்றுங்கள் என்று மேனேஜரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தவர். எர்ணாகுளம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில், தோப்பும்படி பாலத்தைத் தாண்டுமுன்பே உயிர் போய்விட்டது. யாரும் வீட்டுக்குப் போன் செய்யக் கூடாது, நானே நேரில் போய்ச் சொல்கிறேன் என்றார் மேனேஜர். கூட ஒரு பெண் இருந்தால் நல்லது என்று என்னையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டார். வழி முழுக்க அவர் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. பிரார்த்தனை செய்கிறார் என்று நினைத்தேன்.

கதவைத் திறந்த, இறந்தவரின் மனைவி எங்களைப் பார்த்துத் திகைத்துப் போனாள். மேனேஜர் முகத்தைத் தளர்த்தினார். "ஒங்க வீட்டுக்காரர் மாதிரி ஒரு ஆளு எங்க குடோன்ல வேற கிடையாது, கேட்டோ. ஒரு நாளு சும்மா லீவு எடுத்தது இல்ல. எல்லார்க்கும் அவர் மேல மரியாதை" என்றார். அவள் முகம் மலர்ந்ததை நான் கண்ணால் பார்த்தேன். "சூப்பர்வைசர் வேல குடுத்துட்டீங்களா சார்? எத்தன நாளா அதையே சொல்லிட்டிருந்தாரு! உக்காருங்க சார், சாயா குடிக்காம போகக் கூடாது" என்றாள். நான் வாயைத் திறந்தேன். மேனேஜர் கையைக் காட்டி என்னை அடக்கினார். அவள் சீனி டப்பாவைத் திறந்து பார்த்தாள், காலி. ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு ஓடினாள். திரும்பி வந்து அடுப்பைப் பற்றவைத்தாள். மேனேஜரின் நெற்றியெல்லாம் வியர்வை. நடுவில் சொல்ல வேண்டியதை வகுப்பில் ஆங்கிலத்தில்தான் சொல்லிப் பார்த்திருந்தார். இங்கே அது தமிழில் வர மறுத்தது. அதனால் மறுபடி பாராட்டினார். சாயா வந்தது. ஒரு வாய் குடிக்கவும் செய்தார்.

பிறகுதான் உடைந்தார். "அட்டி விழுந்துடுச்சும்மா. அவரு போயிட்டாரு" என்றார், பழைய குரலில். அவள் போட்ட சத்தத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. அந்தச் சத்தத்துக்கு நடுவிலும் அவர் மூன்றாவது பகுதியை விடவில்லை. கம்பெனி எப்போதும் உங்களோடு நிற்கும் என்று சொல்லி முடித்தார். அன்று அவர்மேல் எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் முழுதாக ஆறவில்லை. ஆனால் அவரை ஈவு இரக்கம் இல்லாதவர் என்று யாராவது சொன்னால் சண்டைக்குப் போவேன். இரக்கம் இல்லாவிட்டால் அந்த மனிதர் ஆட்டோவில் மனப்பாடம் செய்திருக்க மாட்டார்.

இப்போது அவர் எர்ணாகுளம் ஆபீசில் இருக்கிறார். வெளிநாட்டுக்காரர்களோடு அழகாகப் பேசுகிறார், யாரையும் அதட்டுவதில்லை என்கிறார்கள். அந்தப் பெண்ணுக்கு எங்கள் குடோனில் சுக்கு தரம் பிரிக்கும் வேலை கொடுத்தார்கள். அந்த வீட்டை மட்டும் அவள் காலி செய்துவிட்டாள். வாடகை குறைவு, தண்ணீர் கஷ்டம் இல்லை. ஏன் விட்டாள் என்று யாருக்கும் புரியவில்லை. போன மாதம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் நானே கேட்டேன். மேனேஜர் மேல் கோபமா என்றும் கேட்டேன்.

"அவரு மேல என்னக்கா கோபம். அவரும் பாவம்" என்றாள். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், சாப்பிடவில்லை. "அன்னிக்கு சீனி வாங்கப் போனேன்லக்கா? பக்கத்து வீட்டுச் சேச்சி என்ன விசேஷம்னு கேட்டாங்க. எம் புருஷன் சூப்பர்வைசர் ஆயிட்டாருன்னு சொல்லிட்டேன். அந்த லைன்ல உள்ளவங்க அத்தன பேரும் சந்தோஷமா எங்க வாசலுக்கு வந்து நின்னாங்கக்கா."