கிள்ளாமல் விட்ட துளசி

கோயில் மாலைக்குத் துளசி கொடுக்கிற வீட்டில் வாழ்க்கைப்பட்டால் விரல் நகம் கருத்துத்தான் போகும். தியாகதுருகம் போகிற ரோட்டோரம் எங்கள் கொல்லை. கிணற்று வாய்க்கால் நெடுக முட்டி உயரத் துளசிச் செடிகள். பூக்கதிர் எட்டிப் பார்த்ததுமே கிள்ளிவிட வேண்டும், பூக்க விட்டால் இலை சிறுத்துவிடும் என்பது மாமியார் சட்டம். விடிந்தால் இதே வேலை. குனிந்து குனிந்து இடுப்பு விட்டுப்போகும்.

இடஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்த அந்தப் புரட்டாசியில் எனக்கு ஏழு மாசம். ஊர் ஆம்பளைங்க எல்லாம் ரோட்டோர மரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்தார்கள். எங்கள் கொல்லை முனையில் இருந்த பெரிய புளியமரத்தை வெட்டினது என் வீட்டுக்காரர். அதன் பொந்தில் தேன்கூடு இருந்தது. கூடு சிதறித் தேனீ எல்லாம் எங்கேயோ போய்விட்டது. மறுநாள் போலீஸ் அவரைப் பிடித்துக்கொண்டு போனது. மாமியார் அழுது அழுது படுத்துவிட்டார்.

மிச்சமிருந்தது கொல்லையில் போட்டிருந்த பரங்கிக் கொடி. அவர் வெளியே வருகிற வரைக்கும், நான் பிள்ளை பெற்று எழுந்திருக்கிற வரைக்கும் அதுதான் எங்களுக்குச் சோறு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பிஞ்சு பிஞ்சாகப் பழுத்து உதிர்ந்தது. எரு வைத்தேன், சாம்பல் தூவினேன், வாய்க்கு வந்தபடி திட்டினேன். கொடி என்ன செய்யும், பாவம்.

ரோடு திறந்தும் பஸ் சரியாக ஓடவில்லை. மாலை கட்டுகிறவர் துளசிக்கு வரவே இல்லை. அட போ, யாருக்காகக் கிள்ளுவது என்று விட்டுவிட்டேன். உண்மையைச் சொன்னால், குனிய உடம்பில் தெம்பில்லை. செடியெல்லாம் கதிர் விட்டுப் பூத்தது. ஒரு நாள் காலை தண்ணீர் மொள்ளப் போனால் துளசி முழுக்க ஒரே இரைச்சல், தேனீ. வெள்ளிமலைப் பக்கமிருந்து வந்ததோ என்னவோ, யார் கண்டது. துளசியை மொய்த்துவிட்டு, பக்கத்துப் பரங்கிப்பூவுக்குள் புகுந்து, உடம்பெல்லாம் மஞ்சளாக வெளியே வந்தன. கொஞ்ச நாளில் வாய்க்காலை ஒட்டிப் படர்ந்த கொடியில் மட்டும் காய் தங்கியது. தள்ளியிருந்த கொடியில் ஒன்றுமில்லை. மரத்தோடு சேர்த்து இவர் எதை வெட்டினார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லை, ஆத்திரம்தான் வந்தது.

அவர் தாடியும் மீசையுமாக ஒரு நாள் வந்து சேர்ந்தார். கொல்லைக்கு வந்ததும் பழக்கதோஷத்தில் துளசிக் கதிரைக் கிள்ளக் கையை நீட்டினார்.

"அதுல கை வெக்காதீங்க. நீங்க மரத்த வெட்டி தேனீ போச்சு, பிஞ்செல்லாம் கொட்டிடுச்சி. இந்தப் பூவுக்குத்தான் தேனீ இப்ப திரும்ப வந்துக்கினு இருக்குது."

அவர் மொட்டையாக நின்ற அடிமரத்தைப் பார்த்தார். அப்புறம் என் வயிற்றைப் பார்த்தார்.

"நம்ம புள்ள படிக்கணும்னுதான் வெட்னேன்."

பொய்யில்லை. அதனாலேயே இன்னும் அலுப்பாக இருந்தது. குடத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். தேனீ கலையாதபடி அவர் வேரடியில் மெதுவாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போனார்.